மேட்டைச் சுற்றிய நான்கு கப்பல்கள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நலமாக இருக்கிறோம். நீயும் உடம்பளவில் நலமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். மற்ற நலம் எதையும் இந்தக் கடிதத்தில் விசாரிக்கப்போவதில்லை, விசாரித்தால் நீ ஏதாவது சொல்வாய், நான் அதை நம்ப வேண்டியிருக்கும். வீட்டுச் சேதி என்றால், குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகி நானே மாற்றினேன். உன் அம்மாவுக்குத் தோள்பட்டை வலி குறைந்திருக்கிறது, ஏலக்கூடத்தில் அவள் நின்று மீன் தரம் பிரிக்கிற மேசையை நான்கு விரல் உயர்த்திக் கொடுத்தேன், அதனால்தான் குறைந்தது என்று நான் சொல்கிறேன், மாத்திரையால் என்று அவள் சொல்கிறாள். உன் மாமா வீட்டு மாடிப்படிக்குக் கைப்பிடி போட்டாகிவிட்டது. உன் அறை அப்படியே இருக்கிறது, மேசையை மட்டும் நான் கடைக்கு எடுத்துப்போய்விட்டேன், கருவிகளைப் பிரித்துப்போட இடம் போதவில்லை. சேதி முடிந்தது.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், போனில் நான் கத்திவிடுகிறேன். கத்தினால் உடனே நீ “சிக்னல் சரியில்லப்பா, அப்புறம் கூப்பிடறேன்” என்கிறாய். இருபத்திரண்டு வருஷமாகப் படகு ரேடியோக்களைப் பழுது பார்த்துப் பிழைக்கிறவனிடம் சிக்னல் சரியில்லை என்று சொல்கிற தைரியம் உனக்கு மட்டும்தான் உண்டு. காகிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. முழுக்கப் படி, பாதியில் மடித்து வைத்துவிட்டுத் தேநீர் போடப் போகாதே. முதலில் உனக்குத் தெரிந்ததையே எழுதப்போகிறேன். தெரிந்தே செய்தாய் என்று நினைப்பதைவிட மறந்துவிட்டாய் என்று நினைப்பது எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருக்கிறது.

நம் துறைமுகத்திலிருந்து மூன்றரை மணி நேர ஓட்டத்தில் கடலடியில் ஒரு மேடு இருக்கிறது. சுற்றிலும் பாகத்துக்கு ஆறடிக் கணக்கில் எண்பது பாகம் ஆழம், மேட்டின் தலையில் முப்பது பாகம். வருஷத்தில் மூன்று பௌர்ணமிகளுக்குப் பிறகு சில நாட்கள் பாரை மீன் எங்கிருந்தெல்லாமோ கிளம்பி வந்து அங்கேதான் முட்டை போடும். கூட்டமாக ஒரே இடத்தில் நிற்கிற மீனைப் பிடிப்பதற்குக் கெட்டிக்காரத்தனம் வேண்டாம், அதனால் நம் படகுகள் நாற்பத்திரண்டும் வருஷா வருஷம் அங்கே போய் நின்றன, பிடித்தன, பிடித்துக்கொண்டே இருந்தன. நீ கல்லூரிக்குப் போன காலத்தில் அம்மாவின் மேசைக்கு வந்த பாரை என் உள்ளங்கையைத் தாண்டவில்லை. “என்னங்க இது, பெரியவங்க யாரையும் காணோம், நர்சரி ஸ்கூல் விட்ட மாதிரி இருக்கு” என்று அவள் சொன்னது நினைவிருக்கிறதா. உனக்கு நினைவிருந்தது. ஏனென்றால் அந்த விடுமுறைக்கு வந்தபோது அதைச் சொல்லித்தான் ஆரம்பித்தாய்.

ஏலக்கூடத்தில் மீன் பெட்டிகளை அடுக்கும் பலகை மேல் ஏறி நின்று நீதான் பேசினாய். உலகத்து மீன் கூட்டங்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் தாங்குகிற அளவைத் தாண்டிப் பிடிக்கப்படுகின்றன என்றாய். பெரிய கப்பல்கள் ஒரு கடல் வற்றினால் அடுத்த கடலுக்குப் போய்விடுகின்றன, கரையோரம் தீர்ந்தால் ஆழத்துக்குப் போகின்றன, அதனால் கடையில் வாங்கிச் சாப்பிடுகிறவனுக்குக் குறைந்ததே தெரிவதில்லை, தெரிவது கரையிலேயே கிடக்கிற நமக்கு மட்டும்தான் என்றாய். முட்டை போட வருகிற மீனை மூன்று வருஷம் விட்டுவைத்துப் பாருங்கள் என்று கேட்டாய். உன் மாமா முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு “மருமகளே, மீனுக்கு வக்கீலா வந்திருக்கியே, ஃபீஸ் யாரு குடுக்கிறா, பாரையா?” என்று கேட்டார், கூடமே சிரித்தது, நீயும் சிரித்தாய், அப்புறம் விடாமல் இன்னும் ஒரு மணி நேரம் பேசினாய். நான் பின்னால் தூணோரம் நின்றிருந்தேன். உனக்கும் எனக்கும் இருபது வயசுதான் வித்தியாசம், உன் பள்ளிக்கூடத்தில் என்னை உன் அண்ணன் என்று நினைத்துக்கொள்வார்கள், ஆனால் அன்றைக்கு முதல் முறையாக எனக்கு வயசாகிவிட்டது போலவும் அது நல்லதுதான் போலவும் இருந்தது. கடைசியில் முதலில் கையைத் தூக்கியவர் மாமா.

ஒப்பந்தம் என்னவென்று உனக்கே தெரியும். மேட்டில் யாரும் வலை போடுவதில்லை. அந்தப் பக்கமாகப் போகிற படகு ஒவ்வொன்றும் எக்கோ கருவியை ஓடவிட்டு, அடியில் தெரிகிற மீனைப் பதிவு செய்துகொண்டு போக வேண்டும். சனிக்கிழமை மெமரி கார்டை என் கடையில் கொடுக்க வேண்டும். நான் எல்லாவற்றையும் சேர்த்து, மீன் எவ்வளவு கூடியிருக்கிறது என்று ஒரு கோடு போட்டு ஏலக்கூடத்துச் சுவரில் ஒட்டுவேன். எந்த இடம், எந்த நாள், எந்த நேரம் என்பது என் கணினியை விட்டு வெளியே போகக் கூடாது. வெளியாருக்குக் காட்ட நேர்ந்தால் இடத்தை இருபது மைலுக்கு மழுப்பித்தான் காட்ட வேண்டும். இதற்குத் துறைமுகத்தின் சார்பில் கையெழுத்துப் போட்டவன் நான்.

முதல் வருஷம் ஒன்றுமே இல்லை. எந்நேரமும் ரேடியோவில் பேசிக்கொண்டே இருப்பாரே, ஓட்டைவாய் என்று எல்லோரும் கூப்பிடுகிற படகுக்காரர், அவர் தினமும் காலையில் என்னைக் கூப்பிட்டு “வாத்தியாரே, இன்னிக்கு கிளாசுல எத்தனை பேரு ஆப்சென்ட்?” என்று கேட்பார். இரண்டாம் வருஷம் திரையில் மேட்டின் சரிவில் சிவப்பாக மீன் கூட்டத்தின் ஒரு கீற்று. மூன்றாம் வருஷம் அந்தக் கீற்று சுவராக நின்றது. மேட்டை விட்டு வெளியேயும் மீன் பெருகி, அம்மாவின் மேசையில் முழங்கை நீளத்துக்குப் பாரை வந்தது. அந்தக் கோட்டைச் சுவரில் ஒட்டியபோது ஓட்டைவாய் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். சமீபத்தில் இன்னொரு நாள் பார்த்தேன், அதைப் பிறகு எழுதுகிறேன்.

இந்தப் பதிவைத்தான் நீ கேட்டாய். கடைசி வருஷப் படிப்புக்கு வேண்டும், மழுப்பியதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, முழுசாகக் கொடுங்கள் என்றாய். நான் முடியாது என்றேன். “படிப்புக்கு மட்டும்தான்பா. யார் கண்ணுலயும் படாது. நான் உங்க பொண்ணுப்பா, வெளியாளா?” என்று கேட்டாய். நாற்பத்திரண்டு பேரிடம் கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்குள்ளேதானே போகிறது என்று நினைத்து அன்று சாயங்காலமே அனுப்பிவிட்டேன். அந்தப் படிப்பை வைத்து உனக்கு வேலை கிடைத்தது, எந்தக் கடலில் எந்த நாளில் மீன் கூடும் என்று கணித்துச் சொல்கிற கம்பெனி என்றாய், நான் துறைமுகம் முழுக்கச் சொல்லிக்கொண்டு அலைந்தேன். ரேடியோ பழுதுக்கு வந்தவனையெல்லாம் உட்காரவைத்துச் சொன்னேன். அதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

இந்த வருஷத்து மூன்றாவது பௌர்ணமி கழிந்து நான்காம் நாள் காலை பத்து மணிக்கு மாமா ரேடியோவில் கூப்பிட்டார். “மச்சான், நம்ம மேட்டு மேல கல்யாண வீடு மாதிரி கூட்டமா இருக்கு. நம்மளத்தான் கூப்பிடல” என்றார். குரலில் கேலி இருந்தது, கேலிக்கு அடியில் வேறு ஒன்று இருந்தது. நான்கு சுருக்குவலைக் கப்பல்கள். நம் படகு நான்கை ஒரே கப்பலின் மேல்தளத்தில் ஏற்றி வைத்துவிடலாம், அவ்வளவு பெரியவை. பெரிய கப்பல் நுழையக் கூடாத எல்லைக்கோட்டுக்கு ஒரு மைல் வெளியே மேடு இருப்பதால் சட்டப்படி அவர்கள் செய்தது குற்றமில்லை. நான்கு நாள் நின்றார்கள். சுற்றி வளைத்து அடியை இறுக்கி, பம்ப் வைத்து உறிஞ்சி ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் போய்விட்டார்கள். அன்றைக்கு நானே மாமா படகில் போய்க் கருவியை வைத்து மேட்டைப் பார்த்தேன். திரையில் தரை தெரிந்தது. அவ்வளவு சுத்தமாகத் தரை தெரிந்து நான் பார்த்ததில்லை.

யார் சொல்லி வந்தார்கள் என்று துறைமுகமே கொதித்தது. நான் கடையில் உட்கார்ந்து, கப்பல்கள் போன பாதையைக் காட்டுகிற இணையதளத்தைத் திறந்தேன், அது யாரும் பார்க்கக்கூடியதுதான். முதல் நாள் நான்கும் ஒரு பெரிய சதுரத்தை வகுத்துக்கொண்டு உழுவது போல வரிவரியாகத் தேடியிருக்கின்றன. சதுரம் சரியாக மேட்டின் மேல் இல்லை. வடகிழக்கே தள்ளி இருந்தது. தள்ளியிருந்த தூரத்தை அளந்தேன், நானூற்றுப் பத்து மீட்டர். மறுபடி அளந்தேன். அப்புறம் கடைக் கதவைச் சாத்திவிட்டு உன் மேசை மேல் தலையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.

இதை உனக்கு விளக்க வேண்டும், ஏனென்றால் இது உனக்குத் தெரியாது. மாமாவின் படகுக்குத்தான் முதலில் கருவி பொருத்தினேன். தன் பழைய காகித வரைபடத்தில் அவர் போட்டு வைத்திருந்த குறிகளோடு ஜிபிஎஸ் ஒத்துப்போகவில்லை என்று என்னை நச்சரித்தார். அந்த வரைபடம் பழைய அளவை முறையில் வரைந்தது, புதிய கருவியோடு எப்படி ஒத்துப்போகும். வாதாடப் பொறுமை இல்லாமல் கருவியை அந்த வரைபடத்துக்கு ஏற்ப மாற்றி வைத்துவிட்டு மறந்துபோனேன். பிறகு மற்ற நாற்பத்தொரு படகின் பதிவுகளையும் மாமா படகின் பதிவோடு பொருத்தி ஒட்டினேன். ஆக மூன்று வருஷப் பதிவும் நானூற்றுப் பத்து மீட்டர் வடகிழக்கே நகர்ந்து உட்கார்ந்துவிட்டது. உனக்கு அனுப்பி நான்கு மாசம் கழித்து மழைக்காலத்தில்தான் கண்டுபிடித்தேன். வெட்கமாக இருந்தது, என் கணினியில் மட்டும் திருத்தினேன், உன்னிடம்கூடச் சொல்லவில்லை. திருத்தாத பிரதி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அது உன்னிடம் இருக்கிறது. ஒரு படகோட்டி வாயால் கேட்டு வந்தவன் மேட்டுக்கு வந்திருப்பான். வந்தவர்கள் என் தப்புக்கு வந்தார்கள்.

அன்று உன்னைக் கூப்பிட்டுக் கேட்டபோது போனில் நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நான் திரித்துவிட்டேன் என்று பிற்பாடு சொல்லக் கூடாது. “அப்பா, நான் விக்கல. கணிப்பு சரியா வேலை செய்யுதான்னு பாக்க ஒரு சாம்பிள் கேட்டாங்க, என்கிட்ட இருந்தது அதுதான். அதைக் கப்பலுக்குக் குடுக்கிறது வேற டிபார்ட்மென்ட்” என்றாய். கப்பல் அலையாமல் நேராகப் போனால் டீசல் மிச்சம், புகை குறைவு என்றாய். நான் கத்த ஆரம்பித்ததும் “நாங்க எடுக்கலன்னா வேற எவனாவது எடுக்கத்தான் போறான்பா” என்றாய், அதற்குப் பிறகு சிக்னல் சரியில்லாமல் போனது. நீ கெட்டவள் என்று எனக்குச் சொல்ல வரவில்லை. கெட்டவர்கள் செய்திருந்தால் கெட்டவர்கள் செய்தார்கள் என்று வேலையைப் பார்ப்பேன். பலகை மேல் ஏறி நின்று எங்களை நம்பவைத்தவள் நீ. நம்பி மூன்று வருஷம் கையைக் கட்டிக்கொண்டு நின்று மீனைச் சேர்த்து வைத்தோம், சேர்ந்த பிறகு எங்கே சேர்ந்திருக்கிறது என்று நீயே காட்டிக்கொடுத்தாய். விட்டுவைக்காமல் இருந்திருந்தால் அந்தக் கப்பல்கள் எதற்காக வந்திருக்கும்? உள்ளங்கை நீளப் பாரையைத் தேடி யார் வரப்போகிறார்கள்? நாங்கள் அடங்கி நின்றதே அவர்களுக்காக வளர்த்த மாதிரி ஆகிவிட்டது, இதை எந்த டிபார்ட்மென்டில் எழுதி வைப்பாய்?

இனி ஓட்டைவாய் விஷயம். ரேடியோவில் எந்நேரமும் வாயடிக்கிறவர்தானே, பொதுச் சேனலில் மேட்டைப் பற்றி உளறியிருப்பார், கப்பல்காரன் கேட்டிருப்பான் என்று எல்லோருமாக முடிவு கட்டிவிட்டார்கள். அவர் படகுக்கு ஐஸ் கொடுப்பதில்லை. படகு கட்டுகிற இடத்தில் வேறு படகை நிறுத்திவிட்டார்கள். அவர் மனைவி ஏலக்கூடத்தில் அம்மாவுக்கு எதிர்ப்பக்கம் நின்று தரம் பிரிக்கிறவள், அவளோடு யாரும் பேசுவதில்லை, அவள் மீனைப் பார்த்தபடியே நாள் முழுக்க நிற்கிறாள். போன செவ்வாய்க்கிழமை அவர் என் கடைக்கு வந்தார். “இந்த ரேடியோவைக் கழட்டிடு தம்பி. இது இருக்கிறதாலதானே நான் பேசறேங்கிறாங்க. இல்லாட்டி எந்த வாயால பேசுவேன்” என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. நான் அவர் படகுக்குப் போய் ரேடியோவைக் கழற்றினேன். திருகாணி நான்கு. ஒவ்வொன்றாகத் திருகி எடுத்தேன். அவர் பக்கத்தில் நின்று விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. உன்னைப் போனில் கேட்டு முழுசும் தெரிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது, மகளே. தெரிந்துகொண்டே கழற்றினேன். உன்னைத் திட்டுகிறவன் அப்படிச் செய்தவன் என்பதும் உனக்குத் தெரிந்திருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டிருக்கிறார்கள். ஓட்டைவாயைத் துறைமுகத்தை விட்டே அனுப்புவதா என்று பேசப்போகிறார்கள்.

இதுவரை வியாழக்கிழமை எழுதியது. தபாலில் போடாமல் வைத்திருந்தேன். இன்று புதன்கிழமை, மிச்சத்தை எழுதுகிறேன்.

கூட்டம் ஏலக்கூடத்தில்தான். ஓட்டைவாய் கதவோரம் நின்றார், உட்காரப் பெட்டி யாரும் நகர்த்திக் கொடுக்கவில்லை. சங்கத் தலைவர் பேச்சைத் தொடங்குமுன் நான் எழுந்துவிட்டேன். மேட்டின் பதிவை முழுசாக வெளியே கொடுத்தவன் நான், இவர் இல்லை என்றேன். நானூற்றுப் பத்து மீட்டர் கணக்கையும் சொன்னேன். என் தப்பை நாற்பத்திரண்டு பேருக்கு முன்னால் கரும்பலகையில் படம் போட்டு விளக்க வேண்டியிருந்தது, நடுவில் சுண்ணக்கட்டி உடைந்தது, வேறு ஒன்றைத் தேடி எடுத்து மறுபடி விளக்கினேன். யாரும் கத்தவில்லை. மாமா மட்டும் மெதுவாக “யாருக்குக் குடுத்தே மச்சான்?” என்று கேட்டார். உண்மையைச் சொல்லத்தான் போயிருந்தேன், ஆனால் உன்னைச் சொல்ல வரவில்லை, ஒருவேளை சொல்லாமலே வந்திருப்பேன். உன் அம்மா மேசைப் பக்கத்திலிருந்து வந்தாள், கையுறையைக்கூடக் கழற்றவில்லை. “எங்க பொண்ணுக்கு. நாலு வருஷம் முன்னாடி இதே பலகை மேல ஏறி நின்னு உங்களையெல்லாம் கை தூக்க வெச்சாளே, அவளுக்குத்தான்” என்றாள். சொல்லிவிட்டு நேராகப் போய் ஓட்டைவாயின் மனைவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். அந்த அம்மா நகர்ந்து இடம் கொடுத்தாள்.

மாமா தரையைப் பார்த்தபடி “மருமக கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன். கேக்கலயே” என்றார். அதற்குப் பிறகு நிமிர்ந்து “சரி, இனிமே யாருக்காக விட்டு வெக்கணும்? நாம எடுக்கலன்னா வேற எவனாவது எடுக்கத்தான் போறான்” என்றார். உன் வாயில் கேட்ட அதே வாக்கியம், எழுத்து மாறாமல். அவரிடம் அதற்கு என்ன பதில் சொல்லுவேன், உன்னிடமே சொல்ல முடியவில்லை. ஓட்டுக்கு விட்டார்கள். மேட்டை மறுபடி திறந்துவிட முப்பத்தொரு கை. பதிவு முழுவதையும் அங்கேயே அழிக்க வேண்டும் என்று ஒருவர் கத்தினார், அதற்கு எல்லாக் கையும் எழுந்தன. கணினியைக் கடையிலிருந்து தூக்கிவந்து அவர்கள் கண் முன்னால் அழித்தேன். கார்டுகளையும் அழித்தேன், தனியாகச் சேமித்து வைத்திருந்த பெட்டியையும் அழித்தேன். மூன்று வருஷம் அழிய ஆறு நிமிஷம் ஆனது. வெளியே வந்ததும் ஓட்டைவாயின் படகுக்குப் போய் ரேடியோவை மாட்டிக் கொடுத்தேன். அவர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு “பேசறதுக்கு இப்ப யாரு இருக்கா” என்றார். திங்கட்கிழமை மாமா மேட்டுக்குப் போனார். ஒரு நாள் முழுக்க நின்று பதினொரு மீன் கொண்டுவந்தார். அம்மா தரம் பிரித்தாள், பதினொன்றில் ஏழின் வயிற்றில் இன்னும் முட்டை இருந்தது.

நான் எழுத வந்தது இனிமேல்தான். எல்லைக்கோட்டை மேட்டுக்கு அப்பால் நகர்த்த வேண்டும் என்று போன வருஷம் நாம் அரசாங்கத்துக்குப் போட்ட மனு இருக்கிறதல்லவா, அதற்கு அடுத்த மாசம் விசாரணை வைத்திருக்கிறார்கள். எழுத்தில் கொடுக்கக் கடைசி நாள் பதினான்காம் தேதி. கோடு நகர்ந்தால் அந்தக் கப்பல்கள் வர முடியாது, அவர்கள் வர முடியாது என்றால் மாமாவையும் மற்றவர்களையும் மறுபடி நிறுத்திவைக்க என்னால் முடியும், அல்லது முடியும் என்று நினைக்கிறேன். ஆனால் விட்டுவைத்தால் மீன் திரும்பி வரும் என்று காட்ட எங்களிடம் இப்போது வாய் மட்டும்தான் இருக்கிறது. கப்பல்காரர்கள் பக்கம் நல்ல சட்டை போட்ட நான்கு பேர் படத்தோடு வருவார்கள். உன் கம்பெனி தரப்போவதில்லை, அதை விட்டால் மூன்று வருஷப் பதிவு உலகத்தில் ஒரே இடத்தில் இருக்கிறது, உன்னிடம். அதை நீ விசாரணைக்கு அனுப்ப வேண்டும். பெயரில்லாமல் அனுப்பினால் குப்பைக்குப் போகும், உன் பெயர் போட்டு, எப்படி உன் கைக்கு வந்தது, உன் கையிலிருந்து எங்கே போனது, அதற்குப் பிறகு நான்கு நாளில் என்ன நடந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். பதிவில் என் பிழை எவ்வளவு என்று நான் தனியாக எழுதி அனுப்பிவிட்டேன், அதை நீ திருத்தாதே, இருப்பது இருக்கிறபடியே போகட்டும். இந்த முறை எல்லோரிடமும் கேட்டேன். நேற்று ஒவ்வொரு படகாக ஏறி இறங்கி, விசாரணைக்குக் கொடுக்கலாமா என்று நாற்பத்திரண்டு பேரிடமும் கேட்டேன். முதலில் சரி என்று சொன்னவர் ஓட்டைவாய். கடைசியில் சொன்னவர் மாமா, “குடுக்கட்டும் பாக்கலாம்” என்றார், நீ கொடுப்பாய் என்று அவர் நம்பவில்லை.

இதைச் செய்தால் உன் வேலை போகும். இதைச் சொல்லாமல் கேட்பது ஏமாற்று வேலை, அதனால் சொல்லிவிட்டேன். வேறு வேலை கிடைக்க நாளாகலாம், அந்தத் தொழிலில் உன்னைச் சேர்க்காமலேயே போகலாம். நீ பிறந்ததிலிருந்து உன்னைக் கஷ்டப்படச் சொல்லி நான் எதுவும் கேட்டதில்லை, முதல் முறையாகக் கேட்கிறேன். செய்யாவிட்டால் என்ன செய்வேன் என்று மிரட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அம்மாவிடம், அவளுக்கு என்ன சொல்ல வேண்டும், எழுதுகிறேன் என்று கேட்டேன். கடைவாய்ப் பல்லுக்கு மருத்துவரைப் பார்த்தாளா என்று கேட்கச் சொன்னாள், கொஞ்சம் பொறுத்து, ஒழுங்காகத் தூங்கச் சொல் என்றாள்.

உனக்கு நல்ல உடம்பும் நீண்ட ஆயுளும் கிடைக்கட்டும், அதை வேண்டிக்கொள்வதில் எங்களுக்கு எந்தக் குறைவும் இல்லை. பல்லைப் பார்த்துக்கொள். பதினான்காம் தேதியை மறந்துவிடாதே, தபால் போய்ச் சேர ஐந்து நாள் பிடிக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள். எனக்குப் பதில் எழுதாதே. விசாரணைக்கு எழுது. அது அங்கே போய்ச் சேர்ந்த பிறகு போன் செய், எடுக்கிறேன். கத்த மாட்டேன் என்று இப்போதே வாக்குக் கொடுக்க முடியாது.

இப்படிக்கு,
அப்பா